புகையை விடுபவருக்கு லயத்தில் யார் துணை?

எமது தோட்டங்களில் ஒருவர் பீடியை விட்டுவிட்டார் என்ற செய்தி லயத்தில் பரவினால், கேட்பவர்களின் முதற் கேள்வி “எத்தனை நாளைக்கு?” என்பதாகும். அதில் கேலியும் உண்டு, அனுபவமும் உண்டு. தீபாவளிக்கு விட்டவர் பொங்கலுக்கு முன்பே மறுபடி பற்ற வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கேலிக்குப் பயந்தே பலர் அடுத்த முறை விடும்போது யாரிடமும் சொல்வதில்லை. மனைவிக்கும் தெரியாமல் தனியாக விடப் பார்க்கிறார்கள். அங்கேதான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

எவ்வித உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரே வெற்றி பெறுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நல்ல ஆலோசனையும் உரிய மருந்தும் கிடைத்தால் இந்தத் தொகை இரு மடங்குக்கு மேலாகக் கூடுகிறது. ஆகவே மூன்று முறை விட்டு மூன்று முறையும் திரும்பியவரை “மன உறுதி இல்லாத மனுஷன்” என்று சொல்வது நியாயமல்ல. அவருக்கு இல்லாமற்போனது துணையாக இருக்கலாம்.

புகைத்தல் கெடுதி என்பதை இந்தப் பாடத்தில் விரித்துச் சொல்லப்போவதில்லை. 2015 முதல் இலங்கையில் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் படத்துடன் எச்சரிக்கை வருகிறது. படிக்கத் தெரியாதவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறார். விட வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்துவிட்ட ஒருவர் பூனாகலையிலோ பக்கத்துத் தோட்டம் ஒன்றிலோ ஒரு லயக்காம்பிராவில் இருந்துகொண்டு அதை எப்படிச் செய்வது, அவரைச் சுற்றியுள்ள நாம் என்ன செய்வது என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

ஆசை எப்படி வருகிறது?

புகையிலையில் உள்ள நிகொட்டின் என்னும் பொருள், புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைகிறது. அங்கே சிறிது நேரம் ஒரு நிறைவைத் தருகிறது. பின்னர் இரத்தத்திலுள்ள நிகொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களில் பாதியாகக் குறைகிறது. பழகிப்போன மூளை உடனே இன்னும் கேட்கிறது. எரிச்சல், பதற்றம், வேலையில் மனம் பதியாமை எல்லாம் அந்தக் கேட்பின் அடையாளங்கள். இன்னொரு பீடியைப் பற்ற வைத்ததும் அவை அடங்குகின்றன. “பீடி இழுத்தால்தான் மனசு அமைதியாகுது” என்று அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அடங்கியது முன்னைய பீடி உண்டாக்கிய தவிப்புத்தான். சம்பளத்தன்று கடைக்கணக்கைத் தீர்த்துவிட்டு, அன்று மாலையே புதிதாகக் கணக்கு எழுதிக்கொண்டு வருவதைப் போன்றது இது.

விட்ட பிறகு இந்தத் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு தணிந்துவிடும். இதனை விடுபவர் மாத்திரமன்றி வீட்டாரும் அறிந்திருப்பது அவசியம். மூன்றாம் நாள் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினால், அது சோற்றின் மீதோ சமைத்தவள் மீதோ உள்ள கோபமல்ல. இருமலும் சில நாட்களுக்குக் கூடலாம், வாயில் புண் வரலாம், மலச்சிக்கல் ஏற்படலாம். “விட்டதால்தான் வருத்தம் வந்தது” என்று எண்ணிப் பலர் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். இவை உடம்பு தேறி வருவதில் உள்ளவை, சில வாரங்களில் போய்விடும். நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாள் முழுவதும் ஆசை ஒரே அளவில் இருப்பதில்லை என்பது இன்னும் முக்கியமானது. அது அலைபோல எழும்பி, சில நிமிடங்கள் நின்று, தானாகவே இறங்குகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். பீடி இழுத்தாலும் இறங்கும், இழுக்காவிட்டாலும் இறங்கும். விடுபவர் ஆயுள் முழுவதும் போராட வேண்டியதில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் போதும்.

எங்கே, எப்போது வருகிறது?

உடம்பின் ஆசை நான்கு வாரத்தில் அடங்கினாலும், பழக்கத்தின் ஆசை அதற்குப் பின்பும் சில இடங்களில் காத்திருக்கும். எமது பக்கத்தில் அந்த இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே: விடியற்காலைக் குளிரில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிற்கும் நேரம், கவ்வாத்து வெட்டும் கூட்டம் கத்தியைக் கீழே வைத்து உட்காரும் நேரம், ஸ்டோரில் இரவு வேலை, சாப்பிட்டு முடித்த கை கழுவும் நேரம், சம்பள நாளின் மாலை. சாராயம் உள்ள இடத்தைச் சொல்லவே வேண்டாம். விட்டவர்களில் மிகப் பலர் மறுபடி பற்ற வைப்பது கையில் கிளாஸ் இருக்கும்போதுதான். ஆகையால் முதல் மாதம் குடியையும் ஒதுக்கி வைக்காமல் புகையை மட்டும் விடுவது கடினம் என்பது எமது எண்ணம்.

“குளிருக்காகத்தான் இழுக்கிறோம்” என்று சொல்வதை எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம். நிகொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. அதனால் விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை இன்னும் குளிர்கிறது. பீடியின் நெருப்பு சூடாக இருப்பது வேறு விடயம். “பீடி வெறும் இலைதானே, சிகரட்டைப் போல இல்லை” என்பது இன்னொரு பேச்சு. பீடி அணைந்து போகாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளே போகும் நஞ்சு சிகரட்டுக்குக் குறைந்ததல்ல.

வேறொரு நேரமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. இப்பகுதியில் கடும் மழை பெய்யும் இரவுகளில் பெரியவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் உறங்க, வாசலில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருவர் விழித்திருக்கும்போது கை தானாகப் பீடிக்குப் போகிறது. அந்தப் பயம் உண்மையானது, அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த இரவில் அவருக்கு வேண்டியது பக்கத்தில் விழித்திருக்கும் இன்னொரு மனிதர். மழைக்காலத்தில் விட்டவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே வாசலில் உட்கார்ந்து இரவைக் கடத்துவது நல்லது. மலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடத்தைக் கடத்துதல்

முதலில் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றொன்றாகக் குறைத்து விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 697 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஒரே நாளில் முழுதாக விட்டவர்களில் 49 வீதமானோர் நான்கு வாரத்தின் பின்னும் புகைக்காதிருந்தார்கள். சிறிது சிறிதாகக் குறைத்து விட்டவர்களில் அது 39 வீதமாக இருந்தது. இரு பகுதியினருக்கும் உதவி கிடைத்தது. எனவே குறித்த நாளில் ஒரேயடியாக விடுவதையே நாம் சொல்வோம். முடியாதவர் குறைத்துக்கொண்டு வந்தாலும் குற்றமில்லை, ஆனால் கடைசி நாள் எது என்று சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்கு அடுத்த நாளைக் குறிக்க வேண்டாம். கையில் காசு இருக்கும் நாள் அது.

அதற்கு முதல் நாளிரவு சட்டைப்பை, கூரை இடுக்கு, சாமிப்படத்தின் பின்புறம் என்று ஒளித்து வைத்த எல்லாவற்றையும் எடுத்து அடுப்பில் போட வேண்டும். “ஒன்று மட்டும் இருக்கட்டும், அவசரத்துக்கு” என்று வைத்தால் அந்த அவசரம் மறுநாளே வரும்.

ஆசை எழும்பும்போது செய்யக்கூடியவை சாதாரணமானவை. ஒரு கோப்பைத் தண்ணீரை மடக்கு மடக்காக, அவசரமின்றிக் குடிக்கலாம். மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக விடலாம், பத்து முறை. வாய்க்கு ஒரு கராம்பு, ஏலம், ஓர் இஞ்சித் துண்டு, வறுத்த கொத்தமல்லி. கைக்கு ஏதாவது வேலை: மண்வெட்டிக்குப் பிடி சீவலாம், தோட்டத்துண்டில் இரண்டு பாத்தி கொத்தலாம். இருந்த இடத்தைவிட்டு எழும்பி நடப்பது எல்லாவற்றிலும் நல்லது. பீடி இழுக்கும் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் குடித்து ஆசையை அடக்கியவர் மிகச் சிலரே.

தேயிலை நாட்டில் வாழும் எமக்கென்றே சொல்ல வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தேத்தண்ணீரில் கபீன் என்னும் ஊக்கப்பொருள் இருக்கிறது. புகைப்பவரின் ஈரல் இந்தக் கபீனை மிக விரைவாகக் கழித்துவிடுகிறது. புகையை விட்டதும் அந்த வேகம் குறைகிறது. ஆகவே முன்பு குடித்த அதே ஏழெட்டுக் கோப்பைச் சாயத்தண்ணீர் இப்போது ஏறக்குறைய இரட்டிப்பாக உடம்பில் நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, கை நடுங்குகிறது. இதைப் பீடி ஆசை என்று தவறாக எண்ணி ஒன்றைப் பற்ற வைத்துவிடுகிறார்கள். முதல் மாதத்தில் தேத்தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மாலைக்குப் பின் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

பீடியை விட்டு வெற்றிலைக்கு மாறுவது விடுவதாகாது. புகையிலைத் துண்டு வைத்த வெற்றிலையும் அதே நிகொட்டினைத்தான் தருகிறது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தானாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2003இல் முடிவு செய்தது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. 2016இல் பொதி செய்த வாய்ப்புகையிலைக் கலவைகள் தடை செய்யப்பட்டன. ஆயினும் வெற்றிலைக்கு வைக்கும் புகையிலை கடையில் கிடைத்தே வருகிறது.

மாலை போட்டவர் எப்படி விட்டார்?

தினம் இருபது பீடி இழுப்பவர் கதிர்காமத்துக்குக் காவடி எடுக்க விரதமிருக்கிறார். அல்லது ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். எமது தோட்டத்து முஸ்லிம் கடைக்காரர் ரமழானில் விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை ஒன்றும் தொடுவதில்லை. கிறிஸ்தவ வீடுகளில் தபசு காலத்தில் நாற்பது நாளுக்குச் சுருட்டை நிறுத்தும் தாத்தாமார் இருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கும் நிகொட்டின் கேட்கத்தான் செய்கிறது. ஆனாலும் முடிகிறது. மாலையைக் கழற்றிய அன்றே ஏன் பற்ற வைக்கிறார்கள்?

பக்தி குறைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம். மாலை போட்டவரை லயம் முழுவதும் “சாமி” என்று அழைக்கிறது. அவர் முன் யாரும் பற்ற வைப்பதில்லை, ஒன்றை நீட்டுவதில்லை. வீட்டில் அவருக்கென்று வேறாகச் சமைக்கிறார்கள். மாலையில் கூடி உட்கார அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. தோற்றால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் லயம் செய்து கொடுத்தது. மாலையைக் கழற்றியதும் “மச்சான், இப்போ ஒண்ணு இழுக்கலாம் தானே” என்று முதலில் நீட்டுவதும் அதே லயம்தான். பல மாதங்களுக்கு அந்த ஏற்பாட்டை நீடிக்க லயத்தால் முடியுமா என்பதுதான் கேள்வி. விடுபவரின் நெஞ்சுறுதியைப் பற்றி நாம் வீணாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

துணை என்பது யார்?

முதலில் ஒரே ஒருவர் போதும். தினமும் மாலையில் “இன்று எப்படி?” என்று கேட்கும் ஒருவர். மனைவியாக இருக்கலாம், ஆனால் எல்லா வீட்டிலும் அது சரிவராது. “நேத்து சட்டையில வாசம் வந்துச்சே” என்று மனைவி தொடங்கினால் கேள்வி விசாரணையாகிவிடுகிறது. முன்பே விட்ட ஒருவர், அல்லது கூடவே விடும் ஒரு வேலைக்கூட்டாளி பல வேளைகளில் சிறந்தவர். இருவர் சேர்ந்து விட்டால் பிரட்டுக்களத்தில் இருவரும் பக்கத்தில் நிற்கலாம்.

மனைவிமார் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைக்குப் போகும் பெண்கள் குளிரையும் பசியையும் தாங்கப் புகையிலையுடன் வெற்றிலை போடுகிறார்கள். அட்டைக்கும் மழைக்கும் நடுவே நாள் முழுவதும் கொழுந்து பறிப்பவளிடம் அந்த ஒரு வாய் வெற்றிலையையும் பிடுங்கப் பேசுவது எளிதல்ல. ஆனால் கணவன் பீடியை விடும் நாளில் மனைவி புகையிலைத் துண்டை விட்டால் இருவருக்கும் ஒரே தவிப்பு, ஒரே பேச்சு. அப்போது யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய இடமில்லை.

வேலைக்கூட்டம் செய்ய வேண்டியது மிகச் சிறிது: நீட்டாதிருப்பது. விடுபவரும் பதிலை முன்பே ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். “வேணாம் மச்சான், விட்டுட்டேன்” என்பது போதும். “இப்ப வேணாம்” என்றால் பிறகு கேட்பார்கள். பெரியவர் ஒருவர் நீட்டினால், “மன்னிச்சுக்குங்க மாமா, டொக்டர் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு” என்றால் மரியாதையும் கெடாது.

கடைக்காரரிடம் போய், “என் கணக்கில் சிகரட், பீடி எழுத வேண்டாம், நானே வந்து கேட்டாலும்” என்று சொல்லி வைப்பது நல்ல உத்தி. பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கமும் இத்துடன் நிற்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். பத்து வயதுப் பையனிடம் பீடிக்கட்டைக் கொடுக்கும் கடைக்காரரும், அனுப்பும் தகப்பனும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சாவு வீட்டில் தட்டில் வெற்றிலையுடன் பீடியும் சிகரட்டும் வைப்பது எமது மரியாதை முறையாகிவிட்டது. துக்கத்துடன் இரவு முழுவதும் விழித்திருக்கும் இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் புகை, ஆறு மாதம் விட்டவரையும் வீழ்த்திவிடும். மரண உதவிச் சங்கம் கூடி, தட்டில் புகை வைப்பதில்லை என்று தீர்மானித்தால் இறந்த வீட்டுக்கும் செலவு குறையும். ஏழைக் குடும்பம் தானாக இதை நிறுத்தினால் “கஞ்சத்தனம்” என்பார்கள். சங்கம் நிறுத்தினால் யாரும் சொல்லமாட்டார்கள்.

காம்பிராவுக்குள் புகைப்பதில்லை என்ற ஒழுங்கு இன்னும் விடாதவர்களுக்கும் பொருந்தும். 10 அடிக்கு 12 அடி காம்பிராவில், ஒரே கூரையின் கீழ், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் அதே புகையைச் சுவாசிக்கிறது. விறகடுப்பின் புகையே போதும்.

வெளியிலிருந்து வரும் உதவி

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் விடுவதற்கான ஆலோசனை பெறலாம். அழைத்தவுடனே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ, வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, பண்டாரவளை, தியத்தலாவை, பதுளை வைத்தியசாலைகளுக்கு வேறு வருத்தத்துக்காகப் போகும்போதோ “நான் புகையை விடப் பார்க்கிறேன்” என்று நாமே சொல்ல வேண்டும். நிகொட்டினைச் சிறிதளவில் தரும் சுவிங்கம், தோலில் ஒட்டும் ஒட்டு ஆகியவை உண்டு. வரெனிக்ளின், புப்ரோபியன் ஆகிய மாத்திரைகளை 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவற்றை வைத்தியர் சொன்னபடியே எடுக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் புகையை விடுவதை வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

விட்டவர் ஒரு நாள் தவறி ஒன்று இழுத்துவிட்டால் என்ன? ஒன்று ஒன்றாகவே இருக்கட்டும். “எல்லாம் போச்சு” என்று கட்டு வாங்கப் போவதே திரும்புதல். எங்கே, யாருடன் இருந்தபோது நடந்தது என்று துணைவரிடம் அன்றே சொல்லி, அடுத்த நாள் அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

“வயசு போச்சு, இனி விட்டு என்ன?” என்பவர்களுக்காக ஒன்று. பிரித்தானியாவில் 1951இல் தொடங்கி 34,439 ஆண் வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் கவனித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 40இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும், 30இல் விட்டவர்களுக்கு 10 ஆண்டுகளும் ஆயுள் கூடியது. நெஞ்சு வருத்தம் வரும் கூடுதல் ஆபத்து விட்ட ஓராண்டிலேயே பாதியாகிறது.

குழுவில் பேசுவதற்கு

உங்கள் லயத்தில் விட்டுத் திரும்பியவர்கள், அவர்கள் விரும்பினால், எந்த இடத்தில் திரும்பினார்கள் என்று சொல்லட்டும். கேலி செய்பவரைக் குழுத்தலைவர் நிறுத்த வேண்டும். அந்த இடங்களைப் பலகையில் எழுதி, எவற்றைத் தனி மனிதர் மாற்றலாம், எவற்றைச் சங்கமோ கடைக்காரரோ மாற்ற வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். சாவு வீட்டுத் தட்டைப் பற்றி மரண உதவிச் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தை அன்றே எழுதி முடியுங்கள். விட விரும்புபவர் தமது நாளையும் துணைவரின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிக் குழுத்தலைவரிடம் கொடுக்கட்டும். ஒரு நாளில் புகைக்குப் போகும் காசை இன்றைய கடை விலையில் கணக்கிட்டு, அதையும் அதே துண்டில் எழுதுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. இன்று உங்களுக்குக் கிடைக்கும் நாட்சம்பளத்துடன் ஒப்பிட்டு, மாதத்தில் எத்தனை நாள் வேலை புகைக்காகச் செய்யப்படுகிறது என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.